நாலாம் தரம்

ஷைனி ஞானதாஸ் எங்கள் கடைக்கு வந்தது
மழை முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை.
ஷீட் வேணும் என்றாள்.
எத்தனை கிலோ?
கிலோ இல்ல, நாப்பது எண்ணம்.
குலசேகரத்தில் பதினேழு வருஷமாய் ரப்பர் எடை போடுகிறேன்.
எண்ணிக் கேட்ட முதல் ஆள்.

அதிலும்
நான் காலால் மூலைக்குத் தள்ளியதையே குனிந்து எடுத்தாள்.
குமிழ் விழுந்தது, பட்டைத் துணுக்கு ஒட்டியது,
புகை பிடிக்காமல் பாதி வெளுத்தது.
அரிக்காமல் ஊற்றிய பாலில்
ஒரு விட்டில், சிறகு மடங்காமல்
அப்படியே உறைந்துபோன ஒன்று.
அது எதுக்கும் ஆவாது பிள்ளே, என்றேன்.
அதைத்தான் முதலில் சுருட்டினாள்.
எண்ணிக் கேட்டாலும் தராசில் போட்டுத்தான் கொடுத்தேன்:
இருபத்தாறு கிலோ நானூறு.

என் வேலை என்னவென்றால்
ஷீட்டை இரண்டு கையாலும் தூக்கி
வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது.
தேன் நிறமாய் ஒளி கடந்து வந்தால் ஒரு விலை,
கலங்கி நின்றால் ஒரு விலை.
இரண்டு எண்ணும் நேரம்தான்.
அதற்குமேல் பார்த்தால் லோடு நிற்கும்,
முதலாளி இருமுவார்.

நாகர்கோவிலில், வடசேரிப் பக்கம்
பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றில் கண்காட்சி.
ஞாயிறு, வேறு சோலியும் இல்லை, போனேன்.
படி ஏறும் முன்பே மணம் வந்துவிட்டது.
மணம் என்பது எனக்கு.
கைக்குட்டையோடு நின்றவர்களுக்கு நாற்றம்.
பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா கேட்டாள்,
இதுல படம் எங்க இருக்கு?
மூக்கப் பொத்திட்டு நிக்கியளே, அங்கதான்
என்றாள் ஷைனி.

நாற்பதும் கம்பியில் தொங்கின.
சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை, தலைப்பும் இல்லை.
ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பல்பு.
உருளை அழுத்திய வரிகள்
பூப்போட்ட கைலி மாதிரி தெரிந்தன.

பழக்கதோஷம். வாய் தன்னால் தொடங்கியது:
இது நாலு. இதுவும் நாலு.
இங்க ஆசிட் கூடிப்போச்சு.
இது மழை விழுந்த பால்,
வெட்டினவன் வேற மரத்துக்கு ஓடியிருக்கான்.
இது புதுக் கை, உருளையில விடத் தெரியல,
பாரு, ஓரம் பிய்ஞ்சு கிடக்கு.

திரும்பினால் பின்னால் பத்துப் பதினைந்து பேர்.
ஜிப்பாக்காரர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.
தாடிப் பையன் போனை நீட்டினான்,
சார் எந்தக் காலேஜ்?
ரப்பர் கடை, என்றேன்.
நல்லாச் சிரித்தான். பகடி என்று நினைத்திருப்பான்.

கடைசிச் சுவரில் விட்டில்.
இரண்டு எண்ணினேன்.
மூன்று. நான்கு.
எண்ணுவது எப்போது நின்றதோ தெரியாது.
நெற்றியில் கட்டிய டார்ச்சைப் பார்த்துத்தான் வந்திருக்கும்,
மூன்று மணி இருட்டில், பேச்சிப்பாறைக்கு மேலே எங்கோ.
அந்த ஷீட்டுக்குக் கிலோவில் இருபது ரூபாய் குறைத்தது
நல்ல ஞாபகம்.
யாருக்குக் குறைத்தேன் என்பதுதான் வரவில்லை.

ஒன்றும் விற்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் ஆட்டோவில் திரும்பி வந்தன.
எட போடுங்க அண்ணா.
எண்ணினேன், நாற்பது.
எடை இருபத்தி நாலு எழுநூறு.

ஈரம் வற்றும். பல்புச் சூடு வேறு.
எனக்குத் தெரியாதா?
ஆனாலும் ரசீதில் 'குறைவு' என்ற கட்டத்தில்
ஏதாவது எழுதியாக வேண்டும்.
பாத்தவிய கொண்டு போனதுன்னு போடட்டா, என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
போடுங்க, என்றாள்,
ஒண்ணே முக்கா கிலோன்னா ரொம்பக் கூடுதலாக்கும்,
எங்க ஊர்ல அவ்வளவு பாக்க மாட்டாங்க.

ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு
சந்தைப் பக்கம் நடந்தாள். அடுத்தது என்னவென்று கேட்டதற்கு
மீன்பெட்டித் தெர்மாகோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

சாயங்காலம் லாரி போயிற்று,
முப்பத்தொன்பதோடு.
வாசலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.
தூக்கிப் பிடித்தேன்.

முதலாளி இருமினார்.
இருமட்டும்.